பாலகுமார் நாடக சபா

கோவிந்தராஜ் தம் வீட்டு மதிலில் ஒட்டியிருந்த போஸ்டரைத் தோசைத் திருப்பியால் சுரண்டிக்கொண்டிருந்தார். போஸ்டர் வரவில்லை. மதிலின் சுண்ணாம்புதான் வந்தது.

தீவு நகரத்தின் டெலானிபூர் மேட்டில் ஏறுகிறவர்கள் மூச்சு வாங்க நிற்கும் இடம் அந்த மதில். நின்றவர்கள் எல்லோரும் நின்ற பாவத்துக்கு அதை வாசித்துவிட்டுப் போனார்கள். 'பாலகுமார் நாடக சபா பெருமையுடன் வழங்கும் கப்பலேறிய வேலன். பக்தி, பாட்டு, சிரிப்பு. பங்குனி உத்திரத்தன்று மாலை, கோயில் மைதானத்தில்.' எழுத்துக்கு நடுவே ஒரு படம். தலையில் சமையல்காரத் தொப்பி, ஒரு கையில் கரண்டி, மறு கையில் வேல், முகத்தில் அரை அங்குலத்துக்குப் பவுடர். அந்தப் பவுடருக்கு அடியில் இருந்தது அவருடைய ஒரே பிள்ளை.

கீழ்வீட்டுத் தெலுங்குக்காரர் காய்கறிப் பையை இறக்கி வைத்துவிட்டு, பாலகுமார் இப்போதெல்லாம் ஆபீஸ் பக்கம் போவதில்லையா என்று இந்தியில் விசாரித்தார். லீவில் இருக்கிறான் என்று கோவிந்தராஜும் இந்தியில் பதில் சொன்னார். சொன்ன பிறகு நாக்கு கசந்தது. சர்க்கார் உத்தியோகத்தில் தலைமை குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெறும்வரை ஒரு பொய்க் கையெழுத்துக்கூடப் போடாத மனிதர். இப்போது தோசைத் திருப்பியும் கையுமாக நடுத்தெருவில் நின்று பொய் சொல்ல வேண்டியதாயிற்று.

பிள்ளை வேலையை விட்டுவிட்டான் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. சில வாரங்களாக பாலகுமார் வேலை நாளிலும் லுங்கியோடு ஹாலில் உட்கார்ந்து தெர்மகோலில் கப்பல் செய்துகொண்டிருந்தான். நிரந்தர வேலையில் இருக்கிறவன் எவன் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குக் கப்பலுக்குப் புகைபோக்கி ஒட்டுவான்?

நேரே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அதற்கு வழியில்லை. பையனுக்கு மீசை அரும்பிய நாளிலிருந்து அப்பாவும் பிள்ளையும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. அந்தக் குடும்பத்தின் வழக்கம் அது. கோவிந்தராஜும் தம் தகப்பனாரிடம் நேரே பேசியதில்லை. இவர் ஹாலில் இருந்து சொல்வார், மனைவி இந்திராணி உள்ளே போய்ச் சொல்வாள், பதிலை வாங்கிக்கொண்டு திரும்பி வருவாள். வீடு ஒழுங்காகத்தான் நடந்துவந்தது.

அன்றும் அப்படியே உள்ளே வந்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்தார்.

"அவன்கிட்டக் கேளு. வேலை வேணுமா, வேஷம் வேணுமா?"

இந்திராணி போனாள், வந்தாள்.

"ரெண்டும் வேணுமாம்."

"திமிரு."

"அதையும் சொல்லிடட்டுமாங்க?"

இந்த நாடகம் நல்லபடியாக நடந்தால் வடக்கே மாயாபந்தர், திக்லிபூர் என்று ஊர் ஊராகக் கொண்டுபோவது, பிறகு கடல் தாண்டி மெயின்லேண்ட் கோயில்களுக்கும் போவது, பக்தி நாடகத்தையே தொழிலாக வைத்துக்கொள்வது என்று ஏற்பாடு இருப்பதாக இந்திராணி மெல்லச் சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் எதையோ முணுமுணுக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நாளாகவே அப்படித்தான், குழம்பைக் கிளறிக்கொண்டே உதடு அசையும். பிள்ளைக்காக வேண்டிக்கொள்கிறாள், பாவம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

தொழிலாம். கோவிந்தராஜின் தகப்பனார் ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்து இந்தத் தீவில் காலூன்றியவர். அந்த வம்சத்தில் எவனும் முகத்தில் சாயம் பூசியதில்லை. ஒவ்வொரு உத்திரத்துக்கும் கோயிலில் முதல் பரிவட்டம் இந்தக் குடும்பத்துக்குத்தான். மற்றவர்கள் குனிந்து கட்டிக்கொள்வார்கள். கோவிந்தராஜ் குனிய மாட்டார் என்று தெரிந்து பூசாரி முக்காலி போட்டு ஏறி நின்று கட்டுவார். அப்படிப்பட்ட தலைக்கு, 'வேஷக்காரன் அப்பன்' என்று ஒரு பட்டமா?

கணக்கு அவருக்குத் தெளிவாக இருந்தது. நாடகம் மேடையேறாவிட்டால் பையன் வெட்கப்பட்டு, ஆபீஸில் கையைக் காலைப் பிடித்துத் திரும்பச் சேர்ந்துவிடுவான். ஏறிவிட்டால் போயே போய்விட்டான். உத்திரம் வருகிற வெள்ளிக்கிழமை.

கோயில் கமிட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கலாமே என்று இந்திராணிதான் யோசனை சொன்னாள். நல்ல யோசனையாகப் பட்டது. கமிட்டித் தலைவி வைஜெயந்தி டீச்சர், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை, கோவிந்தராஜ் பேச்சுக்கு மதிப்புக் கொடுப்பவர்.

ஆனால் டீச்சர் எதிரே போய் உட்கார்ந்ததும் சிக்கல் புரிந்தது. என் பிள்ளை நடிப்பது எனக்கு அவமானம் என்று எந்தத் தகப்பன் தன் வாயால் சொல்வான்? வேறு காரணம் தேடினார். நாடகத்தில் பாதி வசனம் இந்தி என்று வீட்டில் காதில் விழுந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டார்.

"முருகன் இந்தி பேசறார் டீச்சர். நம்ம கோயில்ல இதெல்லாம் அடுக்குமா?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நெஜமாவா சார்? புரியற மாதிரிப் பேசறாரா?"

"எல்லாருக்கும் புரியும். பெங்காலி, தெலுங்கு, மலையாளி, ஒருத்தர் பாக்கியில்ல."

அதுதான் அவர் செய்த தப்பு. டீச்சருக்கு ஏற்கெனவே வேறு கவலை. உத்திரத்து மாலைக்கு ஏற்பாடு செய்திருந்த மெயின்லேண்ட் பாட்டுக் குழு வரவேண்டிய கப்பல் கிளம்பவே இல்லை. வருகிற கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது, அவர்களை எப்படி உட்கார வைப்பது என்று தவித்துக்கொண்டிருந்தவருக்கு கோவிந்தராஜ் தெய்வமாக வந்து சேர்ந்தார். ஓரக் கொட்டகையில் நடக்க இருந்த நாடகத்தை அந்த நிமிஷமே பெரிய மேடைக்கு மாற்றினார். இந்தத் தீவுக்கு வந்து எல்லோரும் இந்தி பேசும்போது முருகன் மட்டும் எப்படிச் சார் பேசாமல் இருப்பார் என்று கேட்டு, காப்பியும் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் மதிலில் இன்னும் பெரிய போஸ்டர் ஒட்டியிருந்தது. இரண்டு மொழியில்.

"இப்படி ஆகும்னு யாரு கண்டா?" என்றாள் இந்திராணி.

கோவிந்தராஜ் விடுகிறவரா? வேரில் கை வைக்கத் தீர்மானித்தார். நாடகத்தில் வேலனுக்கு அடுத்த பெரிய வேஷம் ஊர்ப் பெரியவர் வேஷம். அதைப் போடுபவன் தம்பையா. கோவிந்தராஜின் ஆபீஸில் பியூனாக இருந்தவன், இன்றைக்கும் அவர் எதிரே உட்கார மாட்டான். அவனைத் தடுத்துவிட்டால் நாடகம் நொண்டி. இந்தத் திட்டத்தை அவர் இந்திராணியிடம் சொன்னபோது அவள் கரண்டியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"தம்பையா இல்லேன்னா அந்த வேஷத்துக்கு வேற ஆள் கிடையாதுங்க" என்றாள்.

"அதுதானே எனக்கு வேணும்."

அவள் முகத்தில் கவலை தெரியும் என்று எதிர்பார்த்தார். தெரியவில்லை.

சாத்தம் துறையில் பெர்ரிப் படகு ஏறி, தம்பையா இருந்த பம்பூஃப்ளாட்டுக்குப் போனார். பெர்ரியில் முன்பின் தெரியாத ஒரு பெங்காலிப் பெண்மணி, போஸ்டரில் இருக்கும் வேலனுக்கும் அவருக்கும் மூக்கு ஒரே மாதிரி இருப்பதாகச் சொல்லிக் கும்பிட்டாள். அக்கரை வரும்வரை அவர் கடல் பக்கமே மூக்கைத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றார்.

தம்பையா பதறிப்போய்ப் பாக்கு காயப்போட்டிருந்த சாக்கை ஒதுக்கி நாற்காலி போட்டான். விஷயத்தைக் கேட்டதும் முகம் தொங்கியது. சார் சொன்னால் தட்ட முடியாது, மகள் வீடு திக்லிபூரில் இருக்கிறது, நாளைக் காலை பஸ்ஸில் போய்விடுகிறேன் என்றான். ஆனாலும் மனசு கேட்காமல், அந்தப் பெரியவர் வசனத்தை ஒரு தடவை சொல்லிக் காட்டினான்.

வேலன் சமையல்காரன் வேஷத்தில் கப்பலில் வந்து இறங்கி, குடியிருக்கக் கையகல நிலம் கேட்கிறான். எந்த ஊர், என்ன வம்சம் என்று தெரியாதவனுக்கு ஒரு பிடி மண் கிடையாது என்கிறார் பெரியவர். எங்கள் பரம்பரையில் எவன் முன்னாலும் குனிந்ததில்லை என்கிறார்.

கோவிந்தராஜ் கண்ணை மூடிக் கேட்டார். அந்த நாடகத்தில் புத்தியுள்ள பாத்திரம் அது ஒன்றுதான் என்று தோன்றியது.

"வசனம் நியாயமாத்தான் இருக்கு" என்றார்.

"உங்களை மனசுல நெனச்சுக்கிட்டுத்தான் சார் பேசுவேன்" என்றான் தம்பையா. சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான். அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

தம்பையா சொன்னபடியே போனான். ஆனால் திக்லிபூர் போய்ச் சேர்ந்தவன் சும்மா இருக்கவில்லை. டீக்கடை, பாக்கு மண்டி, கோயில் என்று போகிற இடமெல்லாம், தான் நடிக்க முடியாமல் போன நாடகத்தைப் பற்றிச் சொல்லிப் புலம்பினான். அவ்வளவு நல்ல நாடகமா என்று அந்த ஊர்க் கோயில்காரர்கள் ஒரு வேனே பிடித்துக்கொண்டு தெற்கே கிளம்பிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. காலையில் பரிவட்டம் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த கோவிந்தராஜ், ஹாலில் நிலவிய மௌனத்தைப் பார்த்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார். பாலகுமார் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பெரியவர் இல்லாம நாடகம் இல்லையாம்" என்று இந்திராணி தகவல் கொண்டுவந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஏங்க, கூட்டம் வந்து உட்கார்ந்த பிறகு யாரோ ஒருத்தர் வந்து நடக்காதுன்னு சொன்னா, நம்ம பேருதானே கெடும்? முதல் மரியாதை வாங்குற குடும்பம். நீங்களே மேடையேறி ரெண்டு வார்த்தை சொல்லிட்டா ஊர் அடங்கிடும்."

அதில் கண்ணியம் இருந்தது. கோவிந்தராஜ் சலவை வேட்டி கட்டி, பரிவட்டத்தோடேயே கிளம்பினார்.

மைதானம் நிரம்பி, மதில் மேலும் ஆள் இருந்தது. மைக்செட்டும் வேஷத் துணியும் வாடகைக்குக் கொடுக்கும் நஜிமுதீன் மேடை ஓரத்தில் வயர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். அறிவிப்புச் சொல்ல வேண்டும் என்றார் கோவிந்தராஜ்.

"டீக் ஹை சார். நடுவுல போய் நில்லுங்க, மைக்கு மேல தொங்குது. மெதுவாப் பேசினாலே இழுத்துக்கும்."

அவர் நடுவில் போய் நின்றார். திரை விலகியது. பின்னால் தெர்மகோல் கப்பல் நின்றது. விளக்கு அவர் மேல் விழுந்தது. அந்த நெஞ்சு நிமிர்த்தலையும் தலைக்கட்டையும் பார்த்த கூட்டம், பெரியவர் வந்துவிட்டார் என்று கைதட்டியது.

"இந்த நாடகம் நடக்காது" என்றார் கோவிந்தராஜ்.

கைதட்டல் இரண்டு மடங்காயிற்று.

"எங்க பரம்பரையில எவனும் மூஞ்சியில சாயம் பூசினது கிடையாது."

கூட்டம் சிரித்தது. யார் சிரிப்பது என்று அவர் அதட்டினார். மதில் மேல் இருந்த ஒருவன் கீழே விழுகிற அளவுக்குச் சிரித்தான். இறங்கிப் போய்விடலாம் என்று திரும்பியவர் எதிரே, தெர்மகோல் கப்பலில் இருந்து கரண்டியோடு இறங்கி வந்து நின்றான் பாலகுமார்.

"சாயம் இல்லீங்க பெரியவரே. கப்பல்ல அடுப்பு ஊதின சாம்பல்."

இந்திராணி நடுவில் இல்லை. பதிலை யாரிடம் கொடுத்தனுப்புவது என்று கோவிந்தராஜ் ஒரு கணம் தேடினார். பிறகு வருஷக்கணக்காகத் தேங்கிக் கிடந்தது மடை உடைத்துக்கொண்டு நேராகவே வந்துவிட்டது.

"சோறு போடுற வேலையை விட்டுட்டு வந்து நிக்கிறியே, வெக்கமா இல்ல?"

"சோறு போடுறதுதான் பெரியவரே என் வேலை" என்று வேலன் கரண்டியைத் தூக்கிக் காட்டினான். மைதானம் அதிர்ந்தது.

அதன் பிறகு நடந்ததை கோவிந்தராஜ் தடுக்கப் பார்த்ததெல்லாம் நாடகமாகவே ஆயிற்று. அவர் போகத் திரும்பினால் வழிமறித்து நிலம் கேட்டார்கள். அவர் திட்டினால் அது வசனம். பேசாமல் நின்றால் அது நடிப்பு. இந்தியில் திட்டினால் தெலுங்குக்காரரும் பெங்காலிகளும் சேர்ந்து சிரித்தார்கள். திரைக்குப் பின்னால் யாரோ மெல்லிய குரலில் நடிகர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அவர் எதைச் சொன்னாலும் அதற்கு அடுத்த வசனம் தயாராக இருந்தது. தாம் சொல்லப்போவது எழுதினவனுக்கு எப்படி முன்கூட்டியே தெரியும் என்று அவருக்கு விளங்கவே இல்லை.

கடைசிக் காட்சியில் வேலன் தொப்பியைக் கழற்றிக் கிரீடம் வைத்து வேலோடு நின்றான். சங்கு ஊதியது. கற்பூரம் எரிந்தது. மேடையில் இருந்தவர்கள் விழுந்து கும்பிட்டார்கள், மைதானமும் எழுந்து கைகூப்பியது. பெரியவரும் அப்போது காலில் விழவேண்டும். கோவிந்தராஜ் விழவில்லை. சாமியே ஆனாலும் அதற்குள் இருப்பது பாலகுமார். கம்பம் மாதிரி நின்றார்.

மேடை திகைத்தது. திரைக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் ஏதோ சொன்னது. வேலன் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தான்.

"வளையாத மரம்தான் கொடிமரமாகும். நீ குனிய வேண்டாம். என் கோயில் வாசல்ல இப்படியே நில்லு."

பெண்கள் குலவையிட்டார்கள். வைஜெயந்தி டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோவிந்தராஜுக்கும் கண்ணில் ஏதோ கரித்தது. கற்பூரப் புகை என்று சொல்லிக்கொண்டார்.

திரை விழுந்ததும் மேடைக்குப் பின்னால் திக்லிபூர்க் கோயில்காரர்கள் மாலையோடு வந்து சூழ்ந்துகொண்டார்கள். வடக்கே எல்லாக் கோயில் திருவிழாவுக்கும் இந்த நாடகம்தான் வேண்டும் என்றார்கள். ஒரே ஒரு நிபந்தனை, பெரியவர் வேஷத்துக்கு இதே பெரியவர்தான் வரவேண்டும். போனில் நடந்ததைக் கேட்டுவிட்டு, இனித் தான் வேண்டாம் என்று தம்பையாவே சொல்லிவிட்டானாம்.

முடியாது என்று சொல்ல வாயெடுத்த கோவிந்தராஜ் நிறுத்திக்கொண்டார். கிரீடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாலகுமார் ஓரமாக நின்றான். நாளைக்கு இவன் இவர்களோடு ஊர் ஊராகப் போய்விடுவான். தம்மிடம் பேரம் பேச ஒரு பொருள் இருப்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வம்ச கௌரவத்துக்கு ஒரு தலை பலியானால் போதும். தம் தலையைக் கொடுத்தால் பிள்ளையின் தலை தப்பும்.

பிள்ளைக்கு முதுகைக் காட்டி நின்று இந்திராணியை அழைத்தார்.

"அவன்கிட்டச் சொல்லு. நான் வர்றேன். எந்த ஊர் வேணும்னாலும் வர்றேன், சாயமும் பூசிக்கிறேன். ஆனா அவன் திங்கட்கிழமை ஆபீஸ் நாற்காலியில உட்காரணும்."

இந்திராணி நாலு அடி போய்த் திரும்பி வந்தாள்.

"சரிங்கறான்."

"எதிர்த்து ஒண்ணும் சொல்லலியா?"

"இல்லீங்க. நீங்க பேச்சு மாற மாட்டீங்களே?"

"கோவிந்தராஜ் சொன்னாச் சொன்னதுதான்."

திக்லிபூர்க்காரர்கள் மாலையைப் போட எம்பினார்கள். முக்காலி இல்லாததால் மாலை ஒரு காதில் தொங்கியது. அதையும் பொறுத்துக்கொண்டார். தியாகம் என்றால் முழுதாகச் செய்ய வேண்டும்.

கொஞ்சம் காற்றாட மேடை ஓரத்துக்கு வந்தார். நஜிமுதீன் வயரை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தார். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

"பாய், என் பையனைத் திரும்ப ஆபீஸுக்கு அனுப்பிட்டேன். வேலையை விட்டவனை மடக்கிட்டேன்."

நஜிமுதீன் வயர் சுற்றுவதை நிறுத்தினார்.

"தம்பி எப்ப சார் வேலையை விட்டாரு? லீவுலதானே இருந்தாரு, ஞாயித்துக்கிழமையோட முடியுதுன்னாரே."

திரைக்குப் பின்னால் இந்திராணி, திக்லிபூர்க்காரர்களிடம் எந்த ஊருக்கு எந்தத் தேதி என்று கணீரென்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பாய், சபா அவனுதுதானே? பாலகுமார் நாடக சபான்னுதானே ஊரெல்லாம் ஒட்டியிருக்கு?"

"என் கடைக்குக்கூட ஷரீபா ஸ்டோர்ஸ்னுதான் போர்டு, அதுக்காக மூணாங்கிளாஸ் படிக்கிற என் மகளா சார் யாவாரம் பாக்குறா? பெத்தவங்க ஆரம்பிச்சாப் பிள்ளை பேரைத்தானே வைப்பாங்க, இந்திராணியக்காவும் அப்படித்தான் வச்சாங்க."